எடையைப் பூட்டிய கதை

சரீர அப்பியாசத்துக்காக மனிதன் கையிலெடுத்த பாரங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள், பெரும்பாலும் அவற்றைத் தூக்கிய பலசாலிகளைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். இன்னார் எவ்வளவு தூக்கினார், எத்தனை முறை தூக்கினார், எந்த அரசர் அவருக்குப் பதக்கம் அளித்தார் என்பனவே அந்நூல்களில் நிறைந்திருக்கின்றன. ஆனால் ஒரே கைப்பிடியில் வேண்டும்போது எடையைக் கூட்டவும் வேண்டாதபோது குறைக்கவும் இயலும்படி அமைந்த டம்பெல்லின் சரித்திரத்தை ஆராய்ந்து பார்ப்போமாயின், அது தூக்கியவருடைய தோள்வலியின் சரித்திரமாக இராமல், சேர்த்த எடையைக் கழன்று விழாதபடி பிடித்து நிற்கும் ஒரு சிறு பூட்டின் சரித்திரமாகவே இருக்கக் காண்கிறோம். இன்று வீட்டிலே டம்பெல் வைத்திருப்பவர்கள், நட்டு இறுகிவிட்டது என்றும், தகடு ஆடுகிறது என்றும், எண்வட்டம் சுழல மறுக்கிறது என்றும் சொல்லும் குறைகள் புதியவையல்ல. எடையை மாற்றலாம் என்ற எண்ணம் தோன்றிய அன்றே அவையும் உடன் தோன்றிவிட்டன.

பழைய கிரேக்கர்களுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. நீளம் தாண்டும் போட்டியில் அவர்கள் இரு கைகளிலும் பற்றிக்கொண்ட ஹால்டெரெஸ் என்னும் பாரங்கள் ஒரே கல்லில் குடைந்தவை, அல்லது ஒரே வார்ப்பில் ஈயத்தால் ஆனவை. எலூசிஸ் என்ற ஊரில் கிடைத்த ஈயப் பாரம் ஒன்று 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஒலிம்பியாவில் கிடைத்த கல் ஒன்று நாலரைக் கிலோவுக்கு மேல். கழலுவதற்கு அவற்றில் ஒன்றும் இல்லை. நம் தென்பாண்டிக் கிராமங்களில் வாலிபர்கள் தூக்கிக் காட்டிய இளவட்டக்கல்லும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. தூக்க முடிந்தவர் தூக்கினார், முடியாதவர் அடுத்த திருவிழா வரையில் காத்திருந்தார், கல் மட்டும் யாருக்காகவும் ஓர் அவுன்ஸ்கூடக் குறையவில்லை.

கிராட்டன் நகரத்து மைலோ என்ற மல்லரைப் பற்றிய கிரேக்கக் கதையைப் பலரும் அறிவார்கள்: ஓர் இளங்கன்றை நாள்தோறும் தோளில் சுமந்துவந்தவர், அது காளையாக வளர்ந்த பிறகும் அதைச் சுமக்க வல்லவரானார் என்பது அக்கதை. பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றவேண்டும் என்ற தத்துவம் இதில் அடங்கியிருப்பதாக அப்பியாச நூலாசிரியர்கள் அனைவரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் கூறுவது சரியே. ஆயினும் கன்று தானாக வளர்ந்தது, இரும்பு தானாக வளராது. அதை வளரச் செய்வதற்கு வழி காணும் வரையில், ஏழை மாணவனோ குமாஸ்தாவோ தன் வீட்டு அறையில் முறையாக வலிமை பெறுவது சாத்தியமில்லாதிருந்தது. ஏனெனில் 5 பவுண்டிலிருந்து 50 பவுண்டு வரையில் ஜோடி ஜோடியாக இரும்பை வாங்கி அடுக்கி வைப்பதற்குப் பணமும் வேண்டும், இடமும் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் டம்பெல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதற்குச் சான்றுகள் உண்டு. லண்டனில் ஜோஸப் அடிஸன் 1711இல் தம்முடைய பத்திரிகையில், காலைதோறும் தம் அறையில் தனியே அதைக் கொண்டு அப்பியாசம் செய்வதாக எழுதினார். பெஞ்ஜமின் பிராங்க்ளின் 1772இல் தம் குமாரருக்கு எழுதிய கடிதத்தில், 40 வீச்சுகளில் தம்முடைய நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 60இலிருந்து 100க்கு உயர்வதைக் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டதாகக் கூறுகிறார். இவையெல்லாம் எடை மாறாத சாதனங்கள். ஆதலால் நம் விஷயத்துக்கு முன்னுரையாக மட்டுமே நிற்கின்றன.

எடையை மாற்றும் டம்பெல்லின் சரித்திரத்தில் முதன்மையான ஸ்தானத்தை நான் ஜார்ஜ் பார்க்கர் விண்ட்ஷிப் என்ற அமெரிக்க வைத்தியருக்கே அளிப்பேன். அவருடைய பெயர் இன்று தேகப்பயிற்சி சாலைகளில் ஒருவருக்கும் தெரியாமற் போனது பெருங்குறையென்று நினைக்கிறேன். பாஸ்டன் நகரத்தை அடுத்த ராக்ஸ்பரியில் 1834இல் பிறந்த அவர், ஹார்வர்டு கலாசாலையில் சேர்ந்தபோது உருவத்திற் சிறியவராக இருந்ததனால் சக மாணவர்களின் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளாகி, அதற்குப் பதில் சொல்லும் பொருட்டே அப்பியாசம் தொடங்கியவர். பின்பு வைத்தியப் பட்டம் பெற்று, பலமே ஆரோக்கியம் என்ற கொள்கையை ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து பரப்பினார். முதற் பிரசங்கத்தின்போது சபையின் முன்னே நிற்க அஞ்சி மயங்கி விழுந்த அவர், பின்னாளில் தோளில் வார்களைப் பூட்டி 2000 பவுண்டுக்கு மேல் தரையிலிருந்து எழுப்பிக் காட்டும் அளவுக்குத் தேர்ந்தார் என்றால், அவருடைய சிரத்தை எத்தகையது என்பதை ஊகிக்கலாம். பாஸ்டனில் தம்முடைய வைத்திய சாலையையும் தேகப்பயிற்சி சாலையையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, நோயாளிகளில் தக்கவர்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பி வந்தார்.

அந்த விண்ட்ஷிப் 1865இல் காப்புரிமை பெற்ற டம்பெல், இரு முனைகளிலும் இரும்பைச் சேர்த்தும் எடுத்தும் 8 பவுண்டிலிருந்து 101 பவுண்டு வரையில், அரை அரைப் பவுண்டாக ஏற்றத்தக்கதாக இருந்தது. அரைப் பவுண்டு என்பது அற்பமான அளவென்று தோன்றலாம். ஆனால் அதில்தான் அந்த வைத்தியருடைய கூர்மையான அறிவு தெரிகிறது. நோயிலிருந்து எழுந்த ஒருவருடைய கை, ஒரேயடியாக 5 பவுண்டைத் தாண்டிச் செல்ல முடியாதபோதிலும், அரைப் பவுண்டை உணராமலே ஏற்றுக்கொள்ளும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்து இன்று நம் கைக்கு வரும் சாதனங்களிற் பலவும் இரண்டரைப் பவுண்டு, அல்லது 2 கிலோ என்ற படியிலேயே எடையை ஏற்றுகின்றன. நுட்பத்தில் அவை இன்னும் அவரை எட்டவில்லை என்பதே என் அபிப்பிராயம். 1876இல், 42ஆம் வயதில், விண்ட்ஷிப் காலமானார். கனத்த பாரம் மனிதனைக் கொல்லும் என்று முன்பே சொல்லிவந்தவர்கள் அவருடைய மரணத்தையே அத்தாட்சியாகக் காட்டினார்கள். டயோ லூயிஸ் என்பவர் பரப்பிய இலேசான மர டம்பெல்களுக்கே அந்நாட்டுப் பள்ளிகளிலும் வீடுகளிலும் செல்வாக்கு ஓங்கி நின்றது. விண்ட்ஷிப்பின் சாதனமோ மறக்கப்பட்டது.

ஐரோப்பாவில் இதே பிரச்சினைக்கு வேறொரு பரிகாரம் கண்டார்கள். உள்ளே பொள்ளலான இரும்புக் கோளங்களை முனைகளிற் பொருத்தி, அவற்றின் மூடியைத் திறந்து ஈயக் குண்டுகளையோ மணலையோ கொட்டி எடையை ஏற்றுவது அம்முறை. புகழ்பெற்ற பலசாலி ஸாண்டோவின் ஆசிரியரான அட்டிலா, அதாவது லூயி துர்லாகர், இத்தகைய சாதனங்களைப் பிரசித்திப்படுத்தியவர்களுள் ஒருவர். பார்வைக்குக் கம்பீரமாக இருந்த இக்கோளங்களில் இரண்டு தோஷங்கள் இருந்தன. கோளம் நிரம்பாமல் பாதியளவே குண்டுகள் இருக்குமானால், கையைத் திருப்புந்தோறும் அவை ஒரு பக்கமாகச் சரிந்து, தூக்குபவருடைய மணிக்கட்டைத் திடீரென்று இழுக்கும். எடையை மாற்றவேண்டுமானாலோ, குண்டுகளைக் கொட்டித் தராசில் நிறுத்து, இரு பக்கமும் சரியாகப் பங்கிட்டு, மறுபடியும் நிரப்பி மூடவேண்டும். ஒவ்வொரு அப்பியாசத்துக்கும் இடையே இவ்வளவு பிரயாசை படக்கூடியவர் எவர்? மேலும் உள்ளிருப்பது வெளியே தெரியாத காரணத்தால், நாடக மேடைப் பலசாலிகளிற் சிலர் சபையோரை ஏமாற்றுவதற்கும் அக்கோளங்கள் வசதியாயின.

பிலடெல்பியா நகரத்து ஆலன் கால்வர்ட் என்பவர் 1902இல் மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கியபோது, இந்தச் சரித்திரம் வீட்டை நோக்கித் திரும்பியது. 1893ஆம் ஆண்டு சிக்காகோ கண்காட்சியில் ஸாண்டோவைக் கண்டு வியந்த வாலிபர் அவர்; அந்த வியப்போடு நில்லாமல், அத்தகைய தேகத்தை விரும்பும் ஒருவன் எங்கே போய் எந்தக் கருவியை வாங்குவான் என்று யோசித்தவர். எடையை ஏற்றி இறக்கக்கூடிய சாதனங்களைச் செய்து, விளம்பரத்தின் மூலம் ஆர்டர் பெற்று, ரயிலிலும் தபாலிலும் அனுப்பினார். 1914இல் அதற்கெனவே ஒரு பத்திரிகையும் நடத்தலானார். முதலில் ஈயக் குண்டு நிரப்பும் முறையைக் கையாண்ட கம்பெனி, பின்னர் வட்டத் தகடுகளுக்கு மாறியது. தகட்டின் சிறப்பு யாதெனில், அதன் எடை அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது, தராசு வேண்டுவதில்லை, மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் கோளத்தின் மூடி செய்த வேலையை இப்போது கம்பியின் முனையிலுள்ள பூட்டு செய்யவேண்டியதாயிற்று. மேலும், பெரிய தேகப்பயிற்சி சாலையில் இத்தகைய சாதனங்களைத் துடைக்கவும் முடுக்கவும் ஓர் ஆள் இருப்பான். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு பண்ணை வீட்டில் பெட்டியைப் பிரித்த வாலிபனுக்கோ, தானே மல்லனாகவும் தானே மெக்கானிக்காகவும் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டு டம்பெல்லைப் பராமரிக்கும் கலை அங்கேதான் பிறந்தது என்று சொல்வேன். மைலோ கம்பெனியைப் பின்னர், 1935இல், பென்ஸில்வேனியாவின் யார்க் நகரத்தில் எண்ணெய் அடுப்புச் சாதனங்கள் செய்துவந்த பாப் ஹாப்மன் வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையில் ஜெர்மனியில் காஸ்பர் பெர்க் என்பவர், 1910ஆம் ஆண்டையொட்டி, தகடுகள் கைப்பிடியோடு சேர்ந்து சுழலாமல் தனியே சுழலும்படியான அமைப்பை உண்டாக்கினார். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அவ்வகைப் பாரமே பயன்பட்டது. சுழலும் தகட்டைத் தனியே விட்டதனால் மணிக்கட்டுக்கும் சுகம், பூட்டுக்கும் சுகம். இந்த விவரம் சிறிதாயினும், பின்னால் நட்டு கழல்வதன் காரணத்தை ஆராயும்போது இது நமக்கு உதவும்.

நம் நாட்டில் கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் வழங்கிய தேகப்பயிற்சி சாலைகளுக்குள் இரும்பு டம்பெல் நுழைந்ததற்கு ஸாண்டோவின் கீர்த்தியே பெருங்காரணம். 1904-05இல் அவர் இந்தியாவில் சுற்றுப் பிரயாணம் செய்தார். அவர் விற்ற டம்பெல் நாம் பேசிவரும் வகையைச் சேர்ந்ததன்று. கைப்பிடி நெடுக்கில் இரண்டாகப் பிளக்கப்பட்டு, நடுவே எஃகு வில்சுருள்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை நெருக்கிப் பிடித்துக்கொண்டே அப்பியாசம் செய்யவேண்டும். சுருள்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பிரயாசையை மாற்றலாம். எடைக்குப் பதிலாக எதிர்ப்பை மாற்றிய அந்த யுக்தி பாராட்டத்தக்கதே. பெங்களூரில் ஹெர்க்குலிஸ் தேகப்பயிற்சி சாலையை நடத்திய கே. வி. ஐயர், தபால் மூலமும் சிஷ்யர்களுக்கு அப்பியாசம் கற்பித்தார். தமிழ்நாட்டிலோ ஸாண்டோவின் பெயர் பட்டமாகவே வழங்கலாயிற்று. கோயம்புத்தூரில் தேகப்பயிற்சியில் ஈடுபட்டுப் பின்பு திரைப்படத் தயாரிப்பில் புகழ்பெற்ற சின்னப்பா தேவரை நாம் சாண்டோ என்ற அடைமொழியின்றி நினைப்பதில்லை.

இன்று நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது, இரு முனைகளிலும் மரை வெட்டிய குட்டையான கம்பியும், ஓட்டையுள்ள தகடுகளும், நட்சத்திர வடிவான நட்டுகளும் கொண்ட எளிய டம்பெல்தான். மீரட்டிலும் ஜலந்தரிலும் உள்ள விளையாட்டுச் சாமான் தொழிற்சாலைகளிலிருந்து அது நம் கடைகளுக்கு வருகிறது. மலிவானது, நீடித்து உழைப்பது; ஆயினும் அப்பியாசத்தின் நடுவே நட்டு தளர்வது அதன் பிறவிக் குணம். இரண்டு முனைகளிலும் மரை ஒரே திசையில், அதாவது வலஞ்சுழியாக, வெட்டப்பட்டிருக்கிறது. முழங்கையை மடக்கிக் கையைத் திருப்பும்போது கைப்பிடி சுழல, தகடுகள் தம் கனத்தினால் பின்தங்கி நிற்கின்றன. அந்த உராய்வு நட்டுகளையும் இழுக்கிறது. எதிரெதிரே பார்த்து நிற்கும் இரண்டு நட்டுகளையும் ஒரே திசையில் இழுத்தால் ஒன்று இறுகும், மற்றொன்று தளரும். சைக்கிளின் இடது மிதிகட்டைக்கு இடஞ்சுழி மரை வைப்பது இந்தத் தொல்லையைத் தவிர்ப்பதற்கே. டம்பெல்லிலோ இரண்டு நட்டுகளும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி இருக்கவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாட்டைச் செய்வதில்லை. பெர்க் கண்ட சுழலும் அமைப்பும் இதில் கிடையாது. ஆதலால் நட்டின் உட்புறத்தில் பொருத்தியிருக்கும் ரப்பர் வளையம் ஒன்றே நமக்குக் காவல். அது தகட்டை அழுத்திக்கொண்டு நிற்கும் வரையில் நட்டு நகராது. வளையம் காய்ந்து வெடித்ததும், அல்லது கழன்று தொலைந்ததும், எவ்வளவு பலமாக முடுக்கினாலும் பயனில்லை. குழாய்ச் சாமான் விற்கும் கடையில் அதே அளவுள்ள வாஷர் சொற்ப விலைக்குக் கிடைக்கும். இதை வாங்கிப் போடாமல், நட்டுக்கு மேல் துணியைச் சுற்றியும் கயிற்றைக் கட்டியும் காலங் கழிப்பவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

பெரிய தகடு உள்ளேயும் சிறியது வெளியேயும் இருக்கவேண்டும். நட்டை முடுக்கிய பின் கம்பியின் நுனி நட்டுக்கு வெளியே சிறிதாவது தெரியவேண்டும். தெரியாவிட்டால் மரையின் ஒன்றிரண்டு சுற்றுகளே அத்தனை கனத்தையும் தாங்குகின்றன என்று பொருள். அவ்வளவு தகடுகளுக்கு அந்தக் கம்பி ஏற்பட்டதன்று. நட்டைப் போடும்போது முதலில் அதை எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, மரை மரைக்குள் இறங்கி அமர்வது விரலுக்குத் தெரிந்த பின்பே முடுக்குவது நலம். சாய்வாகப் பிடித்த மரையைப் பலாத்காரமாகத் திருகினால் கம்பி என்றைக்குமாகக் கெட்டுப்போகும்.

துரு இரண்டாவது சத்துரு. கம்பிக்கு மேலிருக்கும் குரோமியப் பூச்சு மினுமினுப்பாக இருந்தபோதிலும், அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளின் வழியே வியர்வையின் உப்பு உட்புகுந்து இரும்பை அரிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரைப் பட்டணங்களில் காற்றே உப்பாக இருப்பதனால், மொட்டை மாடியிலோ பால்கனியிலோ விட்டுவைத்த டம்பெல் ஒரே மழைக்காலத்தில் செம்மண் நிறமாகிவிடுவதைப் பார்க்கலாம். அப்பியாசம் முடிந்ததும் கைப்பிடியிலுள்ள சொரசொரப்பான வரிகளைப் பழைய பல் துலக்கும் பிரஷினால் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்து, மரைப்பகுதியில் மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி விடுவது போதுமானது. நல்லெண்ணெயைத் தடவுகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து, காப்பாற்ற வந்த மரையையே அடைத்துவிடும். துருவினால் நட்டு அசையாமற் போனால் சுத்தியலை எடுக்கலாகாது. நட்சத்திரத்தின் கைகள் வார்ப்பாதலால் முறிந்துபோகும். மண்ணெண்ணெயை மரையில் ஊறவிட்டு, நெருப்பண்டாத இடத்தில் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் முதலில் இறுகும் திசையில் இம்மியளவு அசைத்துப் பின் கழற்றினால், பெரும்பாலும் இணங்கிவிடும். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்டு நிரப்பிய தகடுகளுக்குத் துரு இல்லை. ஓடு வெடித்தால் உள்ளிருப்பது பொடிப்பொடியாகக் கொட்டி, ஒரு பக்கம் இலேசாகிவிடும். அத்தகைய தகட்டை ஒட்டவைத்து ஆள்வதைக் காட்டிலும் மாற்றிவிடுவதே உசிதம்.

1990களில் அமெரிக்காவில் பூட்டு மறுபடியும் புதிய உருவம் கொண்டது. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் சட்டங்களில் ஒரு முளையைச் செருகி வேண்டிய எடையைத் தேர்ந்தெடுக்கும் பவர்பிளாக் முதலில் வந்தது. அடுத்த பத்தாண்டில், முனைகளிலுள்ள எண்வட்டத்தைத் திருப்பினால் 5 பவுண்டிலிருந்து 52.5 பவுண்டு வரையில் 15 படிகளாக எடை மாறும் போப்ளெக்ஸ் 552 வந்தது. வட்டத்தைத் திருப்பும்போது உள்ளேயுள்ள தட்டுகள் சுழன்று, வேண்டிய தகடுகளின் கொக்கிகளை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. மற்றவை அடித்தட்டிலேயே நின்றுவிடுகின்றன. விண்ட்ஷிப்பும் கால்வர்ட்டும் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் தேகப்பயிற்சி சாலைகள் மூடப்பட்டபோது, இத்தகைய சாதனங்களுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று.

ஆனால் பூட்டு எவ்வளவுக்கெவ்வளவு உள்ளே மறைந்ததோ, அவ்வளவுக்கவ்வளவு அதன் பழுதும் கண்ணுக்கு மறைந்துவிட்டது. 2025 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்பின்படி, மேற்சொன்ன 552 என்ற வகையும் 1090 என்ற பெரிய வகையும் சேர்ந்து ஏறத்தாழ 38 லட்சம் டம்பெல்கள் திரும்பப் பெறப்பட்டன. உபயோகத்தின்போது தகடுகள் கழன்று விழுந்ததாக வந்த புகார்களில், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்த செய்தியும் இருந்தது. ஈயக் குண்டுக் கோளத்தின் மூடியைப் பற்றி அக்காலத்தவர் கொண்டிருந்த அதே கவலை, நுண்ணிய யந்திரத்துக்குள்ளும் தொடர்ந்து வந்திருக்கிறது.

எண்வட்ட டம்பெல் வைத்திருப்பவர்கள், முதலில் தம்முடைய சாதனம் அந்த அறிவிப்பிற் சேர்ந்ததா என்பதை விசாரித்தறிவது அவசியம். அதிற் சேராத சாதனங்களில், வட்டம் சுழலாமற் போனால் அதைப் பழுதென்று கருதிக் கழற்றத் தொடங்குமுன், கைப்பிடி அடித்தட்டில் முழுதும் இறங்கியிருக்கிறதா, தட்டு சமதரையில் இருக்கிறதா, எடுக்காமல் விட்ட தகடுகள் தத்தம் பள்ளத்தில் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அடித்தட்டுக்கு வெளியே வட்டம் திரும்பாதபடி ஒரு முளை தடுத்து நிற்பது, தற்செயலாக எடை கழலாமலிருப்பதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு. உள்ளே எண்ணெய் விடுவதற்கு முன் தயாரிப்பாளரின் குறிப்பைப் படிப்பது நல்லது. உலர்ந்த துணியும் மெல்லிய பிரஷுமே பெரும்பாலும் போதும். தரையில் போடுதல் கூடவே கூடாது. வார்ப்பிரும்பு தாங்கிய அடியைப் பிளாஸ்டிக் கொக்கி தாங்காது. இரு முனைகளிலும் எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பின், உடனே மார்புக்கோ தலைக்கோ மேலாக உயர்த்தாமல், அடித்தட்டுக்கு ஓரங்குலம் மேலே தூக்கி இரண்டு பக்கமும் இலேசாக அசைத்துப் பார்ப்பவர்களுக்கு, பிடிக்காத தகடு எதுவோ அது அங்கேயே தட்டில் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.